கோடை விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது. "லீவுக்கு என்ன வீட்டுப்பாடம்?" என்று இப்போதே பலர் கேட்டுவிட்டீர்கள். இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றும் இருபது தடவை எழுதிவரச் சொல்லுங்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் சிலர் சொன்னீர்கள். பிள்ளை படித்ததை மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறை அது. ஆனால் இந்த விடுமுறைக்கு அப்படிப் பார்த்து எழுதும் வேலை எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக உங்களிடம் வேறொன்று கேட்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துப் படியுங்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும்.

ஒரு சொல்லை இருபது தடவை எழுதும் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். முதல் வரியைப் பார்த்து இரண்டாம் வரி, இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் கை மட்டும்தான் வேலை செய்யும். கையெழுத்து சீராகலாம், எழுத்துக்கூட்டலும் பழகலாம். ஆனால் சொல் கண்ணெதிரே இருப்பதால், அதை மனதிலிருந்து தேடி எடுக்கும் தேவையே வருவதில்லை. அப்படித் தேடி எடுப்பதுதான் ஒரு சொல்லை நிலைக்க வைக்கிறது.

இதை அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற இருவர் சோதித்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு அவர்கள் அறியாத சுவாஹிலி மொழியில் 40 சொற்களைப் பொருளோடு கொடுத்தார்கள். சிலரிடம், ஒரு சொல் சரியாக வந்த பிறகும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல்ல வைத்தார்கள். வேறு சிலருக்கு, ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டு, பார்த்துப் படிக்க மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் நினைவில் இருந்தது. படிக்க மட்டும் செய்தவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. அடுத்த வாரம் எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் சொன்னார்கள். படிக்கிறவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. "எல்லாம் படிச்சாச்சு" என்று பிள்ளை சொல்வது பொய் அல்ல. அதற்கு அப்படித்தான் தோன்றும்.

அடுத்தது மறதி. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-ல் எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. ஆகவே திங்கட்கிழமை படித்தது புதன்கிழமை வரவில்லை என்றால் உங்கள் பிள்ளைக்கு மூளை மந்தம் என்று அர்த்தம் இல்லை. தயவுசெய்து அந்த வார்த்தையைப் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். எல்லா மனித மனமும் அப்படித்தான். பாதி மறந்த நிலையில் முயன்று மீட்டெடுக்கும்போது அந்தச் சொல் முன்னைவிட உறுதியாகிறது.

ஒரு சொல்லை மறுபடி எடுக்க எவ்வளவு இடைவெளி விடலாம்? பாரிக் என்ற அமெரிக்கக் குடும்பத்தில் நான்கு பேர், வேற்றுமொழிச் சொற்கள் 300-ஐ எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் தங்கள் மீதே சோதனை நடத்தி 1993-ல் வெளியிட்டார்கள். 14 நாளுக்கு ஒருமுறை 26 தடவை படித்த சொற்களும், 56 நாளுக்கு ஒருமுறை 13 தடவை மட்டும் படித்த சொற்களும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே அளவில் நினைவில் நின்றன. இடைவெளி நீண்டபோது பாதி உழைப்பு போதுமானதாக இருந்தது. அவர்கள் பெரியவர்கள். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு நீண்ட இடைவெளியில் ஆரம்பிக்க முடியாது. சின்ன இடைவெளியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இதற்கு நம் கரையில் இந்த இரண்டு மாதத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பாமார்கள் கரையில்தான் இருப்பீர்கள். வருமானம் இல்லாத நாட்கள், கடன் கழுத்தை நெரிக்கும் நாட்கள் என்பது எனக்குத் தெரியும். டியூஷனுக்குப் பணம் கட்டச் சொல்லவில்லை. உங்களிடம் கேட்பது நேரம் மட்டும், அதுவும் ஒரு தடவைக்குக் கால் மணி நேரம்.

வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நோட்டு தருவார். இந்த வருடம் படித்த சொற்கள் அதில் இருக்கும். இடப்பக்கம் படம் அல்லது தமிழ்ப் பொருள், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. வலப்பக்கத்தை மடித்து மறைத்துவிட்டு, படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன பிறகு மடிப்பை விரித்து, சரியா என்று அதுவே பார்த்துக்கொள்ளட்டும். உடனே விரிக்க விடாதீர்கள். பத்து எண்ணும் நேரமாவது யோசிக்க விடுங்கள். அந்த யோசனைதான் நமக்கு வேண்டியது. தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, சரியானதைப் பார்த்துவிட்டால் போதும். வராத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து மறுநாள் மறுபடி கேளுங்கள். வந்த சொற்களை மூன்று நாள் கழித்து, அப்புறம் பத்து நாள் கழித்து, அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து. சரியாக வந்துவிட்டதே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். நாட்டுப்படகுக்குப் போகிறவர்களுக்கும் கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாக்களுக்கும் தடைக்காலத்திலும் வேலை இருக்கும். அந்த வீடுகளில் அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசினால் சீக்கிரம் வருமா, ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் உறவுக்காரப் பிள்ளைகளெல்லாம் பேசுகிறார்களே என்று. வேண்டாம். நீங்கள் தாராளமாகப் பேசும் தமிழிலேயே பேசுங்கள். ஒரு விஷயம் தன் மொழியில் தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு, அதன் ஆங்கிலச் சொல் ஒரு புதுப்பெயர் மட்டும்தான். விஷயமே தெரியாத பிள்ளைக்கு இரண்டு சுமை. ஏலம் எப்படி நடக்கிறது, கச்சான் காற்று அடித்தால் எந்தப் பக்கம் கடல் கலங்கும், வாடைக்காற்றில் எந்த மீன் படும், கடலடிப் பாறையான பாருக்கு மேல் வலை விட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் பேசப் பேச, பிள்ளைக்குப் பொருளறிவு வளர்கிறது. அறிவியல் பாடமும் சமூக அறிவியல் பாடமும் அதன் மேல்தான் நிற்கின்றன.

அந்தச் சொற்களைப் பிள்ளை யாரும் எழுதிப் படிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நெத்திலிக்கும் சூடைக்கும் வித்தியாசம் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. காற்றின் பெயர்கள் அந்தந்தப் பருவத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவை. தேவையோடு, ஆளோடு, இடைவெளி விட்டு வந்த சொற்கள் அவை. அதனால் நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். அப்பத்தா, அம்மாச்சி, உம்மா, வாப்பா எல்லாரிடமும் கேட்டு, மீன், வலை, காற்று, பாசி, பனை பற்றிய சொற்களைப் பிள்ளைகள் அதில் எழுதட்டும். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பாசிகளைப் பார்த்ததும் பெயர் சொல்லும் அம்மாக்கள் இந்த ஊரில் இருக்கிறீர்கள். பாடநூலில் அந்த அறிவு இல்லை, உங்களிடம் இருக்கிறது.

பள்ளிக்கு வராத சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. ஒரே கதையைத் தினமும் கேட்டு நச்சரிக்கிறது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் மூன்று வயதுக் குழந்தைகளிடம் நடந்து 2011-ல் வெளிவந்த ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான், வெவ்வேறு கதைகளில் அதே புதுச் சொற்களை அத்தனை தடவை கேட்டவர்களைவிட அவற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாப் படகையும் குழந்தை "வல்லம்" என்றால் சிரிக்காமல், "இது விசைப்படகுடா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். கொஞ்ச நாளில் தானாகச் சரியாகும்.

தூக்கமும் முக்கியம். படித்த சொல் மனதில் பதிய இரவுத் தூக்கம் உதவுகிறது. பத்து மணிக்கு மேல் பிள்ளை கையில் போன் வேண்டாம்.

விடுமுறையில் சனிக்கிழமை காலைகளில் பள்ளி நூலகம் திறந்திருக்கும். கதைப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பள்ளி திறக்கும் நாளில் நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். மதிப்பெண் போட மாட்டோம், புள்ளி அதிகம் இருந்தால் திட்டவும் மாட்டோம். எந்தச் சொற்களை மறுபடி எடுக்க வேண்டும் என்று அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் முதல் வாரத்துக்கு நாங்கள் திட்டமிடுவோம். அதனால் அவற்றை அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்