அப்பாவின் ஜனதா

மதுரை

அன்புள்ள ராஜி,

உன் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் ஓடுகிறது. சில நாட்களாக என் கையிலேயே கட்டிக்கொண்டு சமைக்கிறேன், நடக்கிறேன், கடைக்குப் போகிறேன். ஒரு நாளைக்குப் பத்து நொடிக்குள்தான் வித்தியாசம் காட்டுகிறது. அதன் வயதுக்கு இதற்கு மேல் நாம் கேட்கக் கூடாது.

உன் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து விஷயத்தைப் பேத்தியிடம் ஒப்படைத்துவிடு. அவளை ஜாலஹள்ளி எச்.எம்.டி. அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாயாமே, நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த முறை பெங்களூர் வந்தால் எனக்கு முதல் வேலை அதுதான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து அவர்கள் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய கதையை அங்கே அவளுக்குக் காட்டியிருப்பாய். அப்பாவின் வாட்சுக்குள் இருக்கும் மெஷினும் சிட்டிசன் வடிவமைப்பிலிருந்து வந்ததுதான். உராய்வைக் குறைக்கும் 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு.

அந்த எண்ணை நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடுவேனா? நொடிக்கு ஐந்து துடிப்பு, நாளைக்கு 4,32,000. ஆண்டு முழுவதும் ஓடினால் பதினைந்தே முக்கால் கோடி. இத்தனை முறை உரசும் உலோகத்துக்கு நாம் கொடுப்பது ஊசி முனையில் எடுத்த சில துளி எண்ணெய்தான். இத்தனை ஆண்டுகள் வகுப்பில் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தினேன். உராய்வு என்றால் என்ன என்பதை நேரில் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, இந்த மேசையில்தான்.

நீ மூன்று காரியம் கேட்டிருந்தாய்: வாட்சை ஓட வைக்க வேண்டும், டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும், கேஸுக்கு பாலிஷ் போட வேண்டும். முதலாவதைச் செய்தேன். மற்ற இரண்டையும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். கோபப்படாமல் படி.

முதலில் உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். நிற்பதற்கு முன் சில மாதங்கள் நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் வேகமாக ஓடியது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததுமே எனக்கு ஹேர் ஸ்பிரிங் மேல்தான், அதாவது பேலன்ஸ் வீல் என்ற ஆடும் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருள் மேல்தான், சந்தேகம் வந்தது. மூடியைத் திறந்து லென்ஸில் பார்த்தால் அப்படியே இருந்தது. முன்பு யாரோ சர்வீஸ் என்ற பெயரில் மெஷினைக் கழற்றாமலே வெள்ளை பெட்ரோலில் முக்கி எடுத்து, கண்ணில் பட்ட இடமெல்லாம் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது வழிந்து ஹேர் ஸ்பிரிங்கில் ஏறி, அதன் சுருள்கள் இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டிய சுருள் வேலை செய்யாது. அப்போது ஸ்பிரிங் நீளம் குறைந்தது போலாகிறது, விறைப்பு கூடுகிறது, பேலன்ஸ் வீல் வேகமாகத் துடிக்கிறது. காந்தம் பிடித்தாலும் இதே கோளாறுதான் வரும். அதனால் முதலில் திசைகாட்டியை அருகில் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. காந்தம் இல்லை, எண்ணெய்தான்.

இப்படி முக்கி எடுப்பதற்கு சர்வீஸ் என்று பெயர் வைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அழுக்கு இருப்பது கல்லுக்கும் அச்சு முனைக்கும் இடையில். பேலன்ஸ் அச்சின் முனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் துளையில் காய்ந்து பிசினான பழைய எண்ணெய் மேலே பெட்ரோல் ஓடுவதால் போய்விடாது. முழுக்கக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு துளையையும் கூராகச் சீவிய மரக்குச்சியால் திருகித் துடைக்க வேண்டும். குச்சியின் நுனி கறுக்காமல் வெளியே வரும் வரை திரும்பச் சீவி, திரும்பத் திருக வேண்டும். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த டவுன் ஹால் ரோடு வாட்ச் கடை பாய் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். அவர் கடையில் இப்போது பேட்டரி மாற்றவும் பட்டை மாற்றவும்தான் ஆட்கள் வருகிறார்கள். சாவி கொடுக்கும் வாட்சோடு யாராவது வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார்.

கழற்றுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கில் மிச்சம் இருக்கும் முறுக்கை முதலில் மெல்ல இறக்கிவிட வேண்டும். அதை இறக்காமல், சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் கவையான பேலட் ஃபோர்க்கை எடுத்தால் சக்கரங்கள் எல்லாம் கட்டவிழ்ந்து சுழன்று அச்சு முனைகளை ஒடித்துவிடும். முறுக்கை இறக்கியபின் பேலன்ஸ், அதன்பின் பேலட் ஃபோர்க், பிறகு சக்கரங்கள், கடைசியில் மெயின் ஸ்பிரிங் அடங்கிய டப்பாவான பேரல். அப்பாவின் வாட்சில் பேரலைத் திறந்ததும் உள்ளே கிரீஸ் கறுத்துப் பசையாகிக் கிடந்தது. ஸ்பிரிங்கும் களைத்துப் போயிருந்தது. வெளியே எடுத்து விட்டால் நன்றாக விரிய வேண்டும், அது சுருண்டபடியே கிடந்தது. புது ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். மாற்றியது அது ஒன்றுதான். மற்ற எல்லாம் அப்பா கையில் ஓடிய அதே பாகங்கள்.

பேலட் ஃபோர்க்கில் இரண்டு சின்னச் சிவப்புக் கற்கள் இருக்கின்றன. சக்கர வரிசையில் கடைசியான எஸ்கேப் வீலின் பற்களைத் தடுப்பதும் விடுவிப்பதும் அவைதான். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவது போல பேலன்ஸ் வீலுக்குத் துடிப்புதோறும் உந்துதல் போய்ச் சேர்வது அந்தக் கற்கள் வழியாகத்தான். அந்தக் கற்களை ஃபோர்க்கில் பிடித்து நிறுத்துவது எது தெரியுமா? அரக்கு. பூச்சியிலிருந்து எடுக்கிறார்களே, அதே அரக்குதான். அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அவசரக்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கற்கள் கழன்று விழுந்த வாட்சுகளை பாய் எனக்குக் காட்டியிருக்கிறார். அதனால் இதையும் பேலன்ஸையும் தனியாக வெள்ளை பெட்ரோலில்தான் அலசினேன். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் அதில் பிரிந்தன. உலர்ந்ததும் ஒன்றையொன்று தொடாமல், இடைவெளி ஒரே அளவாக நின்றன. அந்தக் காட்சியை உனக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது.

எண்ணெய் விடுவதில்தான் இயற்பியல் முழுவதும் இருக்கிறது, ராஜி. ஒவ்வொரு கல்லின் மேலும் குழிவாக ஒரு சிறு கிண்ணம் இருக்கும். சரியான அளவுத் துளி அந்தக் கிண்ணத்தில் விழுந்தால் நுண்புழை விசை அதை அச்சு முனையைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆண்டுக்கணக்கில் நகராது. துளி கொஞ்சம் பெரிதானால் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டித் தகட்டைத் தொடும். தொட்டதும் அதே விசை எண்ணெயை வெளிப்பக்கமாக இழுத்துப் போய்விடும், அச்சு வறண்டுவிடும். அதிகமாக எண்ணெய் விட்டதால் எண்ணெய் இல்லாமல் தேய்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான். வேகமாகச் சுழலும் சக்கரங்களுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகவும் அழுத்தமாகவும் சுற்றும் பேரலுக்குக் கெட்டியானது. பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எதுவும் கூடாது. அது மிகச் சிறிய கோணத்தில்தான் ஆடுகிறது, எண்ணெய் அதற்கு இழுவையாகிவிடும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. சக்கரங்களை எல்லாம் வைத்து, அவற்றை மேலிருந்து பிடிக்கும் பாலம் என்ற தகட்டை மூடித் திருகியபின், பேலட் ஃபோர்க்கை வைக்கும் முன், சாவியைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்ப வேண்டும். சக்கரங்கள் ஓடி, வேகம் அடங்கி, நிற்கும்போது எஸ்கேப் வீல் இலேசாகப் பின்னோக்கி ஒரு திரும்பு திரும்பும். அப்படித் திரும்பினால் வழியில் எங்கும் இறுக்கம் இல்லை என்று அர்த்தம். உன் வாட்சில் முதலில் அது திரும்பவில்லை. மறுபடி கழற்றிப் பார்த்தபோது மூன்றாம் சக்கரத்தின் கல்லில் ஒரு நூல் இழை. அதை எடுத்தபின் திரும்பியது. பிறகு ஃபோர்க், பிறகு பேலன்ஸ். பேலன்ஸை வைத்து இடுக்கியை விலக்கியதுமே துடிக்கத் தொடங்கியது, திருகுகூட இன்னும் போடவில்லை.

டைம்கிராஃபரில் வைத்துக் கேட்டேன். இதன் மைக் டிக் டிக் ஒலியைக் கேட்டு, பேலன்ஸ் எத்தனை பாகை வீசி ஆடுகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். கழற்றும் முன் சாவி கொடுத்துப் பார்த்தபோது 170 பாகையைத் தாண்டவில்லை. இப்போது படுக்க வைத்தால் 275, நிறுத்தி வைத்தால் 250. நாளைக்குப் பத்து நொடி பிழை என்றால் 8,640இல் ஒரு பங்கு என்று பார்த்துக்கொள். மின்சாரம் இல்லாமல், ஒரு ஸ்பிரிங்கின் முறுக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துல்லியம்.

வெயிலுக்கும் குளிருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுமே, எப்படிச் சமாளிக்கிறது என்று நீ கேட்பாய். அதற்கு ஸ்விட்சர்லாந்தின் சார்லஸ் எட்வர்ட் கியோம் விடை கண்டார். வெப்பத்தில் அவ்வளவாக நீளாத நிக்கல் எஃகையும், விறைப்பு அவ்வளவாக மாறாத இன்னொரு உலோகக் கலவையையும் உருவாக்கினார். கடிகாரக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். 1920இன் இயற்பியல் நோபல் அவருக்குத்தான். ஐன்ஸ்டைனுக்கு முந்தைய ஆண்டின் பரிசு என்பதால் அவர் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நானும் பணியில் இருந்தவரை ஒரு வகுப்பிலும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை, பாடப்புத்தகத்தில் அவர் இல்லை.

சரி, டயலுக்கு வருகிறேன். ஓரத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது, ஆறாம் எண் பக்கம் ஒரு புள்ளி இருக்கிறது. அது எச்.எம்.டி. ஆலையில் அச்சிட்ட டயல். அதைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடித்தால் எழுத்துகள் தடித்துப் போகும், இடைவெளி மாறும், பாதி நேரம் எழுத்துப் பிழையோடு வரும். ஆன்லைனில் நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் ‘பழைய’ ஜனதாக்களை நிறையப் பார்த்திருப்பாய். சேகரிப்பவர்கள் அவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். வெளியே கண்ணைப் பறிக்கும், உள்ளே அந்த அழுக்கு அப்படியே இருக்கும். பாலிஷும் அதே கதைதான். முலாம் போட்ட கேஸை மெருகேற்றினால் முலாம் தேய்ந்து அடியில் உள்ள பித்தளை தெரியும், பிறகு வியர்வை பட்டு அரிக்கும். கண்ணாடி மட்டும் கீறல் விழுந்து மங்கியிருந்தது. அது பிளாஸ்டிக் என்பதால் தேய்த்து மெருகேற்றினேன், நேரம் தெளிவாகத் தெரிகிறது.

மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய எழுத்துகளும் தேதிகளும் இருக்கின்றன. சர்வீஸ் செய்தவர்கள் இட்டுவைத்த அடையாளம். ஒன்றில் 1978, இன்னொன்றில் 1986. அவற்றையும் துடைக்காமல் விட்டிருக்கிறேன். அப்பா முறையாக சர்வீஸ் செய்து வைத்திருந்தார் என்பதற்கு அவைதான் சாட்சி. அச்சு முனைகள் இன்று வரை தேயாமல் இருப்பதும் அதனால்தான். அவர் காலத்துக்குப் பிறகு இருபது வருடமோ என்னவோ பீரோவில் கிடந்து, பிறகு திடீரென்று கட்டிக்கொண்டீர்கள். எண்ணெய் காய்ந்த வாட்சைச் சும்மா வைத்திருந்தால் தேய்மானம் இல்லை, ஓட்டினால்தான் தேயும். இதை உன் தம்பிக்கும் சொல்.

இனி தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடு. கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடு, கட்டியபடி கொடுத்தால் சாவித் தண்டு வளையும். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடு. டேப்லெட் உறையின் காந்த மூடி, ஸ்பீக்கர், இவற்றின் மேல் வைக்காதே. பாத்திரம் கழுவும்போது வேண்டாம். ஐந்து ஆண்டு கழித்து எனக்கு அனுப்பு, நன்றாக ஓடினாலும் அனுப்பு.

வாட்சைக் கூரியரில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தை பிறந்ததும் என் தம்பி மகன் பெங்களூர் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இன்னொன்று. உன் சித்தப்பா வீட்டில் இரண்டு எச்.எம்.டி. வாட்ச் உடைந்து கிடக்கிறது, எடைக்குப் போடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். போட விடாதே. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்த பிறகு பாகங்கள் புதிதாக வருவதில்லை. நல்ல வாட்ச் ஒன்றைக் கொன்று இன்னொன்றை ஓட வைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். உடைந்ததாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு சக்கரமோ ஒரு பாலமோ கிடைத்தால் இன்னொருவர் அப்பாவின் வாட்ச் ஓடும். சித்தப்பாவிடம் நான் கேட்டதாகவே சொல். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு டப்பாவில் போட்டு என் தம்பி மகன் திரும்பும்போது கொடுத்தனுப்பு.

அன்புடன்,
மீனா