டாங்காவில் தோற்றது சிப்பாய்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதல் உலகப் போர் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷாரின் இந்தியப் படை தோற்ற சண்டையை 'தேனீக்குப் பயந்து ஓடிய பட்டாளம்' என்று நாலு வரியில் முடித்திருந்தீர்கள். அந்தக் கேலியில் முதலில் கெட்டது 63வது பாளையங்கோட்டை காலாட்படையின் பெயர். பெயரில்தான் பாளையங்கோட்டை. அது சென்னை ராஜதானியின் பட்டாளம். எங்கள் சேலம் ஜில்லாவும் அதே ராஜதானியில்தான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பட்டாளம் கலைந்து ஓடியது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் எந்த நிலையில்? 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயில் கப்பலேறியவர்கள், நவம்பர் 2 அன்றுதான் டாங்காவை அடைந்தார்கள். நெரிசலும் வாந்தியுமாகக் கடலில் கிடந்தவர்களைச் சதுப்பில் இறக்கி, உளவு பார்க்காமலே காட்டுக்குள் அனுப்பினார்கள். அதற்கு முன்பே பிரிட்டிஷ் கப்பல் கேப்டன் ஒருவர் கரைக்குப் போய், 'டாங்காவைத் தாக்குவதில்லை என்ற உடன்பாடு இனி இல்லை' என்று ஜெர்மானியர்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்! கிடைத்த அவகாசத்தில் ஜெர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக், உள்நாட்டு ஊரான மோஷியிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். சுமார் 8000 பேரை வைத்துக்கொண்டு, சுமார் 1000 பேரிடம் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஐட்கன் தோற்றார். எதிரியை அவர் இளக்காரமாக எண்ணியதற்கு விலை கொடுத்தவர்கள் சிப்பாய்கள்.

தேனீ விஷயம்: துப்பாக்கிச் சத்தத்தில் கூடு கலைந்து இரு தரப்பையும் கொட்டியது. ஏற்காட்டில் தேன் எடுப்பவர்களைக் கேளுங்கள், கலைந்த ஈ ஆள் பார்த்துக் கொட்டாது என்பார்கள். அதிகம் கொட்டு வாங்கியதும் அதே படையிலிருந்த 98வது காலாட்படைதான், பாளையங்கோட்டைக்காரர்கள் அல்ல. வேடிக்கைக் கதை என்பதால் அதுவே நிலைத்துவிட்டது. கரையில் விட்டுவந்த ஆறு லட்சம் தோட்டாக்கள் ஜெர்மானியர் கையில் சிக்கியதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஐட்கன் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார். 63வது பட்டாளம் 1922-ல் கலைக்கப்பட்டது.

முதல் உலகப் போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், இறந்தவர்கள் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல், ராஜதானியின் பல ஊர்களில் பதிக்கப்பட்டது. ஓமலூர், ஆத்தூர், சங்ககிரிப் பக்கம் அப்படி ஏதும் கண்ணில் பட்டால் படமெடுத்து அனுப்பும்படி வாசகர்களைக் கேளுங்கள். அதை வெளியிடும்போது, டாங்கா பற்றிய அந்த நாலு வரியையும் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்