பைக் இருக்கிறது, பார்ட்ஸ் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, கொழும்பின் மோட்டார் சைக்கிள் காட்சியறைகள் மறுபடியும் களைகட்டியிருக்கின்றன. வாசலில் பலூன், உள்ளே லீசிங் மேசை. அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் கொண்டுபோனால் மற்றதையெல்லாம் அவர்களே ஓடியாடிச் செய்து தருகிறார்கள். அந்தச் சுறுசுறுப்பில் கால்வாசியாவது அதே கட்டடத்தின் பின்புறம், சேர்விஸ் பகுதியில் இருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திராது.

உத்தரவாதக் காலம் முடியாத என் வண்டியில் பெற்றோல் பம்ப் பழுதாகிவிட்டது. முகவர் நிலையத்தில் ஒப்படைத்தேன். "ஸ்டொக் இல்லை, இந்தியாவிலிருந்து வரவேண்டும்" என்றார்கள். எப்போது வரும்? "அடுத்த ஷிப்மென்டில்." அது எப்போது? அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. வாரங்கள் போய்விட்டன. அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்கிறது. அழுத்திக் காத்திருந்தால் எடுப்பவர் சிங்களத்தில் பேசுகிறார். எனக்குச் சிங்களம் தெரியும், சமாளித்துக்கொள்வேன். பிறகு எதற்கு அந்த மூன்று?

முன்னால் காட்சியறையில் அதே ரக வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் அதே பம்ப் இருக்கிறது. ஒன்றைக் கழற்றிப் பூட்டிவிட்டு, புதிது வந்ததும் திருப்பிப் போடலாமே என்று கேட்டேன். "அது விற்பனைப் பிரிவு, நாங்கள் சேர்விஸ்" என்றார் பொறுப்பாளர். பணம் வாங்கும்போது இரண்டும் ஒரே கொம்பனியாகத்தானே இருந்தது!

வெளியில் செய்துகொள்ளலாமே என்பார்கள் சிலர். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத பொருள் உண்டா? இந்த பம்ப்பும் கொம்பனி ஸ்டிக்கரோடு அங்கே ஒரு கடையில் இருந்தது. அது ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதைக் கடைக்காரரும் கடவுளும்தான் அறிவார்கள். ஆனால் அதை வாங்கி வெளியே பூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று முகவர் நிலையத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பொருளைத் தானும் தரமாட்டேன், பிறரிடம் வாங்கவும் விடமாட்டேன் என்பது வைக்கோற்போரில் படுத்த நாயின் நியாயம் அல்லவா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கார்பரேற்றர் வண்டி என்றால் எங்கள் கொட்டாஞ்சேனை கராஜில் வேலை செய்யும் மெக்கானிக் பாஸ் ஒரு ஸ்க்ரூட்ரைவரோடு அரை மணித்தியாலத்தில் ஓடவைத்துவிடுவார். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் அங்குள்ள உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் கார்பரேற்றரைக் கைவிட்டு, பெற்றோலைக் கம்பியூட்டர் அளந்து செலுத்தும் இன்ஜெக்‌ஷன் முறைக்கு மாறினார்கள். இங்கே இறக்குமதி நின்றிருந்த காலமும் அதுவே. அதனால் இப்போது புதிதாக வருபவற்றில் பல, சென்சரும் கம்பியூட்டரும் கொண்ட வண்டிகள். பல கோளாறுகளைக் கண்டுபிடிக்கவே அதற்கேற்ற ஸ்கேனர் வேண்டும். அது பெரும்பாலும் முகவரிடமே இருக்கிறது. இருபது வருட அனுபவமுள்ள பாஸும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

2022ஐ நான் மறக்கவில்லை. இறக்குமதிக்கு வங்கியில் எல்.சி. என்ற கடன் கடிதம் திறக்க டொலர் இல்லை, பெற்றோலுக்கே கியூ.ஆர். காட்டி வரிசையில் நின்றோம். அன்று பார்ட்ஸ் இல்லை என்றபோது யாரும் சண்டைக்குப் போகவில்லை. இன்று முழு வண்டியைக் கப்பலில் கொண்டுவரக் கிடைக்கும் டொலர், உள்ளங்கை அளவுப் பொருளுக்கு மட்டும் கிடைக்காதா? அன்றைய தட்டுப்பாடு இன்று வசதியான சாக்காகிவிட்டது என்பதே என் கணிப்பு.

நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். என்னைப் போன்றவர்கள் 155 பஸ்ஸிலோ 176 பஸ்ஸிலோ தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் பொடியன்களின் நிலை வேறு. வண்டி நின்றால் அன்றைய உழைப்பு நின்றது. லீசிங் தவணை மட்டும் நிற்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத விற்பனை பற்றி முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து, அல்லது சேவை வழங்கப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது அதே சட்டம். பம்ப் எட்டாம் மாதத்தில் பழுதானால்? சேவையே வழங்கப்படாதபோது மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? உத்தரவாதம் எவ்வளவு காலமோ அவ்வளவு காலத்துக்கு முறையிடும் உரிமையும் இருக்கும்படி அந்தப் பிரிவைத் திருத்த வேண்டும். வண்டி இறக்குமதி செய்பவர் அதன் முக்கிய உதிரிப்பாகங்களையும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும், குறித்த நாளுக்குள் தராவிட்டால் மாற்று வண்டியோ நட்டஈடோ கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதிலும் என்ன தடை? இந்த வண்டிகள் பிறக்கும் இந்தியாவில், பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம்.

அதுவரை, வண்டியைச் சேர்விசுக்கு விடப்போகும் வாசகர்கள், ஒப்படைக்கும்போது அங்கே எழுதும் ஜொப் கார்ட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம் இல்லை, எந்தத் திகதிக்குள் வரும் என்பதை அதிலேயே எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கும்போதும் அது கையில் இருக்கட்டும். கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.