சுருக்கத்தில் போன படகு

கோத்தகிரி,
ஆடி 3

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது. திட்டுவதை அடுத்த கடிதத்தில் மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவர் இன்னும் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார். காற்றும் சாரலும் வழக்கம்போல்.

பண்ணைக்காட்டு நூலகத்துக்கு நீ போட்ட பட்டியலைப் பார்த்தேன். சாகசக் கதை பதினொன்று. பதினொன்றும் 64 பக்கச் சுருக்கம். உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? விலை குறைவு, எழுத்து பெரிசு, படம் இருக்கிறது, எல்லாம் சரி. சுருக்குகிறவர் எதை வெட்டுகிறார் என்று கவனித்தாயா? சண்டையை வைத்துக்கொள்கிறார், வேலையை வெட்டிவிடுகிறார். இந்தப் புத்தகங்களின் உயிரே அந்த வேலைதான்.

ராபின்சன் குரூசோவை எடுத்துக்கொள். 1719-ல் வந்த புத்தகம், தீவில் தனியாக மாட்டிக்கொண்டவன் கதை. சுருக்கத்தில் "பெரிய படகு ஒன்று செய்தான், அதை நகர்த்த முடியவில்லை" என்று ஒரு வரி இருந்தால் அதிகம். மூலத்தில் அவன் ஒரு தேவதாரு மரத்தைச் சாய்க்கிறான். அடிமரத்தை வெட்ட இருபது நாள், கிளை கழிக்கப் பதினான்கு நாள், வெளிப்புறம் செதுக்க ஒரு மாசம், உள்ளே குடைய ஏறத்தாழ மூன்று மாசம். நெருப்பு வைத்துக் குடையவில்லை, வெறும் உளியும் கொட்டாப்புளியும்தான். இருபத்தாறு பேர் ஏறலாம். தண்ணீர் நூறு கஜத்தில்தான் இருக்கிறது, ஆனால் இடையில் மேடு. மேட்டை வெட்டிச் சரிவாக்கியும் படகு அசையவில்லை. சரி, தண்ணீரைப் படகிடம் கொண்டு வரலாம் என்று வாய்க்காலுக்குக் கணக்குப் போடுகிறான். தனி ஆளாக வெட்டினால் பத்துப் பன்னிரண்டு வருஷம்! இங்கே எஸ்டேட்டில் சில்வர் ஓக் வெட்டுகிறவர்கள் கோடாலியைத் தொடுவதற்கு முன் லாரி எங்கே நிற்கும் என்று பார்ப்பார்கள். மலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கங்களை விளக்கவே வேண்டாம், விழுந்து விழுந்து சிரிக்கும். துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கப்பலுக்கு நீந்திப் போனவன் சட்டைப்பை நிறைய பிஸ்கட் திணித்துக்கொண்டதைச் சொல்லவே வேண்டாம், ஹாஸ்டலில் ஒரு வருஷம் ஓட்டினோம்.

'புதையல் தீவு' கதையும் இதேதான். கதை சொல்கிற பையன் ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்து கப்பலாட்களின் சதியைக் கேட்டான் என்று எல்லாச் சுருக்கமும் சொல்லும். ஏன் உள்ளே இறங்கினான்? பீப்பாயில் ஆப்பிள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது, கைக்கு எட்டவில்லை. பீப்பாய் நிரம்பியிருந்தால் மேலே இருந்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே போயிருப்பான், சதியும் காதில் விழுந்திருக்காது. அந்த அரை வரியை வெட்டினால் பையன் வேண்டுமென்றே ஒட்டுக் கேட்டவன் ஆகிவிடுகிறான். நடுவில் 16 முதல் 18 வரை மூன்று அத்தியாயங்களை டாக்டர் சொல்கிறார், ஏனென்றால் பையன் அப்போது அங்கே இல்லை. சுருக்கத்தில் அதுவும் போச்சு.

இனி என் பெரிய சண்டை. 'மோக்லி' என்று போட்டிருக்கிறாயே, அதில் செந்நாய்க் கதை இருக்கிறதா? அநேகமாக இருக்காது. 1895-ல் வந்த கிப்ளிங்கின் இரண்டாவது காட்டுப் புத்தகத்தில் (ஜங்கிள் புக்) உள்ள கதை அது. கிப்ளிங் அமெரிக்காவில் வெர்மாண்ட்டில் உட்கார்ந்து நம் நாட்டுச் சியோனிக் காட்டை எழுதியவர், ஆனாலும் இந்தக் கதையில் தேனீயை ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறார். தக்காணத்திலிருந்து இருநூறு செந்நாய் வருகிறது. மோக்லி மரத்தில் உட்கார்ந்து அவற்றைச் சீண்டி, தலைவன் வாலை அறுத்து, பொழுது சாயும்வரை அங்கேயே நிறுத்தி வைக்கிறான். பிறகு உடம்பெல்லாம் காட்டு வெள்ளைப்பூண்டைத் தேய்த்துக்கொண்டு தேன்பாறைக்கு ஓட்டம். ஓடுகிற போக்கில் கல்லை உருட்டிவிட்டு, விளிம்பிலிருந்து வைன்கங்கா ஆற்றில் குதிக்கிறான். துரத்தி வந்த நாய்கள் கலைந்த தேனீயிடம் மாட்டிக்கொள்கின்றன.

இதில் எது சரி, எது தப்பு என்று நம் பக்கத்துப் பிள்ளைகளே சொல்லும். மலைத்தேனீ ஒரே பாறையில் பல அடை கட்டும், அது சரி. ஒன்று கொட்டினால் அந்த வாசத்துக்கே மற்றவை பாயும், அதுவும் சரி. தேங்கிய தண்ணீரில் முங்கினால் தப்ப முடியாது, தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும். ஆறு இழுத்துக்கொண்டு போனால்தான் பிழைப்பு. அதனால் கிப்ளிங் வேகமான ஆற்றைப் போட்டது கெட்டிக்காரத்தனம். பூண்டு விஷயத்தை நான் நம்பவில்லை. கலைந்த கூட்டத்துக்கு முன்னால் எந்த வாசமும் நிற்காது. தேனெடுக்கிற குறும்பர்கள் நம்புவது பச்சிலைப் புகையையும் கொடி ஏணியையும். மேலே ஏணிக்குக் காவலாக மைத்துனனை நிறுத்துவார்களாம்; கூடப்பிறந்தவள் வாழ்வுக்காகவாவது கையை விடமாட்டான் என்ற கணக்கு. இருநூறு என்பதும் ரொம்ப அதிகம். முதுமலைப் பக்கம் பத்துப் பதினைந்து சேர்ந்து தெரிந்தாலே பெரிய கூட்டம். செந்நாய் விசிலடித்துக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு முன்னால் இந்தக் கதையை முழுசாக வாசித்துக் காட்டு, அப்புறம் விவாதத்தை நிறுத்த உன்னால் முடியாது.

ஜூல் வெர்ன் பற்றிக் கேட்டிருந்தாய். 'மர்மத் தீவு' மட்டும் போதும். இரண்டு கடிகாரக் கண்ணாடிகளைச் சேர்த்து, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, வெயிலைக் குவித்துக் காய்ந்த பாசியைப் பற்ற வைக்கிறார்கள். கண்ணாடி வெளிப்புறம் உப்பியிருக்க வேண்டும். இப்போதைய தட்டைக் கண்ணாடி உதவாது. உள்ளே காற்றுக்குமிழ் நின்றால் ஒளி சிதறும். செய்து பார்ப்பேன் என்று பிள்ளைகள் நிச்சயம் கிளம்பும். சிமெண்ட் தரையில், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு செய்யச் சொல். புல் காய்கிற மாசி, பங்குனியில் கூடவே கூடாது. வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் கேப்டன் நெமோ யார் என்பதும் இதில்தான் உடைகிறது: பண்டேல்கண்ட் இளவரசன், 1857-ல் வெள்ளைக்காரனை எதிர்த்தவன், அதோடு திப்புவுக்கு உடன்பிறந்தார் மகன் முறை! 1799-ல் செத்த திப்புவுக்கும் பண்டேல்கண்டுக்கும் எப்படி முடிச்சுப் போட்டார் என்று உன் சரித்திர மூளையை வைத்து நீயே கண்டுபிடி.

பணம் இல்லை என்பாய், தெரியும். அதனால் இப்படிச் செய்: சுருக்கத்தையே வாங்கு. படகு, பீப்பாய், தேன்பாறை மூன்றையும் முழுசாகத் தமிழில் எழுதி, மொத்தம் பதினாறு தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தந்தப் புத்தகத்தில் அந்தந்த இடத்தில் சேர்த்து ஒட்டிவிடு. தாளின் உள்ளோரத்தில் கால் அங்குலம் மட்டும் பசை தடவு. முழுக்கத் தடவினால் தாள் சுருண்டுவிடும். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சு, இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குள் பூச்சி தின்றுவிடும். துத்தம் விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்காதே. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை.

படகுத் தாளில் ஒன்பதாம் பக்கம் டீ கொட்டிவிட்டது. வாசிக்க முடியாவிட்டால் எழுது, மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

உன்,
சுந்தரம்