கிழக்குப் பாதையிலேயே வா, மகளே

அன்புள்ள மகளுக்கு,

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு லண்டன் வர யூஸ்டனுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். கிளாஸ்கோவிலிருந்து அதுதான் நேர்வழி, நாலரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் எனக்கு அந்த நிலையத்தைக் கண்டாலே ஆகாது. வாசலில் கம்பீரமாக நின்ற கல் தோரணத்தை 1961-62இல் இடித்துத் தள்ளினார்கள். 1968இல் திறந்த இன்றைய கட்டடத்தில், பயணி என்றொரு பிறவி வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நடைமேடை எண் தெரியும்வரை எல்லோரும் அண்ணாந்தபடி நிற்க வேண்டும். தெரிந்ததும் பெட்டியும் பிள்ளையுமாக ஒரே ஓட்டம். வண்டியும் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டு போகும், ஜன்னல்களோ சின்னவை. ஷாப் மேட்டுப் பகுதியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

நீ நடமாடும் கிளாஸ்கோ சென்ட்ரலைக் கவனித்திருக்கிறாயா? உள்ளே இருக்கும் மரக் கட்டடங்களுக்குக் கூரான மூலையே கிடையாது. கூட்டம் தண்ணீரைப் போலத் தடையில்லாத பக்கம் ஓடும் என்பது பொறியாளர் டொனால்ட் மாதீசனின் கணக்கு. அவரும் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் மில்லரும் 1903இல் வீம்ஸ் பேயில் அதே கணக்கை இன்னும் அழகாகப் போட்டார்கள். பிரிட்டனிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிலையம் அதுதான். நடுவில் வட்டமான டிக்கெட் அறை. அதன் உச்சியிலிருந்து இரும்பு வளைவுகள் குடைக்கம்பிகளாக விரிந்து கண்ணாடிக் கூரையோடு சேர்கின்றன. அங்கிருந்து கப்பல் துறைக்குக் கூரை போட்ட பாதை ஒன்று, அகலமாக, வளைந்து, படியே இல்லாமல் இறங்குகிறது. கிளாஸ்கோக்காரர்கள் குடும்பம் குடும்பமாக ரோத்சேவுக்குக் கடற்காற்று வாங்கப் போன காலத்தில் கட்டியது. கைக்குழந்தையோடு வருபவளை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சென்ட்ரலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெயிலடிக்கும் சனிக்கிழமை ஒன்றில், உன் ஊரில் அப்படி ஒன்று வாய்த்தால், போய்ப் பார்.

ஃபோர்ட் வில்லியம் பாதைக்குத் தனியாக நாள் ஒதுக்கு. ரானக் சதுப்பு நிலத்தில் அடித்தளம் நிற்காததால் சுள்ளிக்கட்டுகளைப் பரப்பி, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டிருக்கிறார்கள். 1894 முதல் வண்டி ஓடுகிறது. கோரர் நிலையத்துக்குப் பொதுச் சாலையே கிடையாது. அடுத்த வண்டி எப்போது என்று பார்த்துவிட்டு இறங்கு.

வீட்டுக்கு வரும் விஷயத்துக்கு வருகிறேன். எடின்பரோ வேவர்லியில் மாறி, கிழக்குப் பாதையில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வரும் வண்டியைப் பிடி. ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். வண்டி போகும் திசையில் இடதுபுற ஜன்னல் வேண்டும். பெர்விக் வருவதற்கு முன்பே கடல் பக்கத்தில் வந்துவிடும். அந்த நிலையத்தைத் தாண்டியதும் ட்வீட் ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீவன்சனின் 28 வளைவுப் பாலம், 1850இல் திறந்தது. டரமில் வண்டி உயரத்தில் போகும். மேட்டிலிருக்கும் தேவாலயம் முழுதாகத் தெரியும். அப்போது போனைக் கீழே வை. யார்க்கில் நிற்கும்போது வளைந்து செல்லும் அந்த இரும்புக் கூரையை ஒரு பார்வை பார்த்துக்கொள்.

டிக்கெட்டை இப்போதே எடுத்தால் மலிவு. 25ஆம் தேதி ரயில் ஓடாது, அதற்கு முந்தைய நாளும் மாலையிலேயே வண்டிகள் குறைந்துவிடும். 23ஆம் தேதியே கிளம்பு. கிங்ஸ் கிராஸ் என்றால் நானே வந்து பெட்டியைத் தூக்குகிறேன். யூஸ்டன் என்றால் உன் தம்பி வருவான்.

அன்புடன்,
அப்பா