நூலகத்துக் கணினிகளுக்கு ஒரு ஓப்பன்பாக்ஸ் பேக்கேஜ்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே அனைவரும் நலம். பெரியவள் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு, வீடே அவளுடைய டைம்டேபிள்படிதான் ஓடுகிறது.

"ஓப்பன்பாக்ஸ்தான் ஏற்கெனவே டெபியனில் இருக்கிறதே, நீ எதைப் பேக்கேஜ் பண்ணுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஓப்பன்பாக்ஸ் என்பது திரையில் சன்னல்களை நிர்வகிக்கும் நிரல், அதாவது விண்டோ மேனேஜர். டெபியன் ஒரு லினக்ஸ் விநியோகம், அதில் நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள்தான் பேக்கேஜ். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தில் 2 ஜிபி ராம் உள்ள பழைய கணினிகள் சில இருக்கின்றன. பெரிய டெஸ்க்டாப் எதையும் அவை தாங்காது. ஒரு விண்டோ மேனேஜர், ஒரு பேனல், ஒரு பிரவுசர் இருந்தால் வாசகர்களுக்குப் போதும். விண்டோ மேனேஜர்களில் டிடபிள்யூஎம் எனக்குப் பிடித்தமானது. மூல நிரல் 2000 வரிகளைத் தாண்டக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் லைப்ரரி வழியாக எழுத்துகளை ஒவ்வொன்றாக அப்படியே வரைகிறது. 'செய்தி' என்று தலைப்பு வந்தால் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஓப்பன்பாக்ஸ் அந்த வேலையை, எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரிந்த பாங்கோ என்ற லைப்ரரியிடம் விடுகிறது. தலைப்புப் பட்டையிலும் மெனுவிலும் தமிழ் ஒழுங்காகக் கோத்து வருகிறது. நூலகத்துக்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

அடுத்தது நம் அமைப்புகளை எங்கே வைப்பது என்பது. கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் எட்சி டைரக்டரியில், ஓப்பன்பாக்ஸின் அமைப்பு ஃபைலான ஆர்சி ஃபைலைத் திறந்து மாற்றிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். டெபியனில் அது கான்ஃபைல், அதாவது நாம் மாற்றியிருந்தால் கேட்காமல் அழித்து எழுதக் கூடாத அமைப்பு ஃபைல். நீ கை வைத்த பிறகு புதிய வெர்ஷனிலும் அந்த ஃபைல் மாறி வந்தால், உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நின்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நூலகத்தில் யார் பதில் சொல்வது?

இரண்டாவது வழி, ஓப்பன்பாக்ஸின் மூல நிரலையே எடுத்து மாற்றி மறுபடி பில்ட் செய்வது, அதாவது நிறுவும் பேக்கேஜாக ஆக்குவது. இதில் வெர்ஷன் எண் விஷயத்தில் கவனம் வேண்டும். எண்ணின் கடைசியில் டில்டே (~) குறி போட்டு ஒட்டு சேர்த்தால் அதிகாரப்பூர்வ வெர்ஷனை விடப் பழையது என்று ஆகிவிடும், அடுத்த அப்கிரேடிலேயே நம்முடையது காணாமல் போகும். பிளஸ் குறி போட்டால் நிற்கும், ஆனால் டெபியன் எண்ணை ஏற்றும் ஒவ்வொரு முறையும் நாமும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். பத்து வரி அமைப்புக்காக முழு நிரலின் பொறுப்பையும் தலையில் சுமப்பது சரியில்லை.

அதனால் தனியாக ஒரு சின்ன பேக்கேஜ். ஒரு பேக்கேஜ் இன்னொன்றின் கான்ஃபைலைத் தொடக் கூடாது என்பது டெபியன் விதி, அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். லாகின் திரையில் தேர்ந்தெடுக்க நமக்கென்று ஒரு செஷன் ஃபைல், அதில் ஓப்பன்பாக்ஸ் செஷனை அழைத்து, 'இந்த கான்ஃபிக் ஃபைலைப் படி' என்று நம் ஃபைலின் இடத்தைக் காட்டுகிறேன். கூடவே தமிழ் மெனு. பேக்கேஜின் விவரங்களை எழுதும் கன்ட்ரோல் ஃபைலில் சார்புகளாக (கூடவே நிறுவ வேண்டியவை) ஓப்பன்பாக்ஸ், டின்ட்2 பேனல், லோஹித் தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்வதற்காக ஐபஸ் எம்17என். எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் ரூல்ஸ் ஃபைல் மூன்றே வரி, மீதியை டெப்ஹெல்ப்பர் என்ற கருவித் தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. மூன்றாம் வரி டேபில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் அதைப் படித்து இயக்கும் மேக் என்ற நிரல் அங்கேயே நின்றுவிடும்.

பில்ட் செய்வதை எஸ்பில்ட் என்ற கருவியில் செய்கிறேன், ஒவ்வொரு முறையும் அடிப்படை மட்டும் உள்ள சுத்தமான சூழலில். நம் அடுக்களையில் புளி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், குறிப்பில் எழுதாவிட்டாலும் குழம்பு வந்துவிடும். அதே குறிப்பை வைத்து அடுத்த வீட்டில் சமைத்தால்தான் எது விட்டுப்போனது என்று தெரியும்.

இதைச் செய்யும்போது டெபியனின் ஓப்பன்பாக்ஸ் மூலத்தையும் பிரித்துப் படித்தேன். உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். ஓப்பன்பாக்ஸ் 3.6.1 வெர்ஷன் வெளிவந்தது 2015ல். அதோடு, லாகின் ஆனதும் மற்ற நிரல்களைத் தொடங்கும் ஒரு ஆட்டோஸ்டார்ட் ஸ்கிரிப்ட் வருகிறது, பைத்தான் மொழியின் பழைய வெர்ஷனான பைத்தான் 2க்காக எழுதியது. 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு பைத்தான் 2க்கான ஆதரவு முடிந்துபோனது. ஆனால் டெபியனில் ஓப்பன்பாக்ஸ் முடியவில்லை. ஆசிரியர்கள் வெளியிட்ட மூல நிரலின் டார் ஃபைல் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் பேட்ச்சஸ் என்ற டைரக்டரியில் ஒவ்வொரு திருத்தமும் தனித்தனி ஃபைல். பைத்தான் 3க்கு மாற்றியது அதில் ஒன்று. பேட்சின் தலையில் எதற்காக, யார் எழுதியது, மூலக் குழுவுக்கு அனுப்பியாயிற்றா என்று குறிப்பு எழுதுவதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். யார் கை எங்கே பட்டது என்று பல வருஷம் கழித்து வருகிறவனுக்கும் தெரிகிறது. மூல நிரல் ஓரிடம், விநியோகக்காரர் திருத்தம் ஓரிடம், நம் அமைப்பு ஓரிடம், வாசகர் தன் ஹோம் டைரக்டரியில் செய்வது வேறிடம். இந்த நான்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பதுதான் பேக்கேஜ் வேலை என்று நான் நினைக்கிறேன். நிரல் எழுதுவதற்குக் குறைந்த வேலை இல்லை இது, பெயர் மட்டும்தான் கிடைப்பதில்லை.

திரையில் சன்னல்களைக் காட்டும் பழைய அடிப்படையான எக்ஸ்11 போய், புதிய வேலேண்ட் வருகிறதே என்று நீ யோசிப்பாய். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியின் ஓஎஸ் 2024 அக்டோபரில் வேலேண்டில் ஓடும் லேப்டபிள்யூசி என்ற விண்டோ மேனேஜருக்கு மாறியது. அது ஓப்பன்பாக்ஸின் வழியில் எழுதப்பட்டது, ஆர்சி ஃபைலின் அமைப்பும் பெரும்பாலும் அதே மாதிரி. நம் அமைப்பு தனியாக இருப்பதால் சார்பு வரியையும் செஷன் ஃபைலையும் மாற்றிக்கொண்டு, விசைக் குறுக்குவழிகளில் பெரும்பகுதியை அப்படியே எடுத்துப் போகலாம்.

அப்புறம், உன் பழைய நெட்புக். டெபியன் 13 (2025 ஆகஸ்ட்) 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ வராது. முதலில் டெர்மினலில் எல்எஸ்சிபியூ (lscpu) என்று அடித்து, இரண்டாவது வரி அளவில் 64 பிட் என்று இருக்கிறதா பார். இல்லையென்றால் டெபியன் 12லேயே இரு, அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. என் பேக்கேஜில் அமைப்பு ஃபைல்கள் மட்டும் இருப்பதால் இரண்டிலும் ஓடும். டெப் ஃபைலை இந்த வாரம் அனுப்புகிறேன். டிபிகேஜியால் நேரடியாகப் போடாதே, சார்புகள் தானாக வராது. ஃபைல் இருக்கும் டைரக்டரிக்குப் போய், பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் (./) போட்டு, சார்புகளையும் சேர்த்து எடுத்துவரும் ஆப்ட் இன்ஸ்டால் கட்டளை கொடு. மெனுவில் எந்தத் தமிழ்ச் சொல்லாவது உறுத்தினால் தயங்காமல் எழுது, மாற்றிவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்