கயலுக்கு, உன் வட்ட ஜன்னல் கபூஸ் பற்றி

அன்புள்ள கயல்,

நீ வாங்கிய மாடல் கபூஸின், அதாவது சரக்கு ரயிலின் கடைசியில் ஊழியர்கள் உட்கார்ந்து போன அமெரிக்க வண்டியின், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய சாமான் கடையில் கிடைத்ததென்றாலும் நல்ல வண்டிதான். கூரை கோணவில்லை, படிகள் உடையவில்லை. “இது சரியான கபூஸாம்மா?” என்று கேட்டிருக்கிறாய். எந்த ரயில்ரோடு, எந்த வருஷம் என்று நீ முடிவு செய்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

வட்ட ஜன்னலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது பென்சில்வேனியா ரயில்ரோட்டின் என்5சி வகைக் கபூஸ். 1942-ல் ஆல்டூனா பட்டறையில் 200 வண்டிகள் கட்டினார்கள். உன் வண்டியிலோ லீஹை வேலி என்று வேறொரு ரயில்ரோட்டின் பெயர் எழுதியிருக்கிறது. லீஹை வேலி இந்த மாதிரி வண்டியை ஓட்டியதே இல்லை. ஒரே அச்சில் வார்த்த உடலுக்குப் பத்து ரயில்ரோடுகளின் பெயரைப் போட்டு விற்பது பொம்மைக் கம்பெனிகளின் பழைய வழக்கம். அதற்காக, ஒரே உடலில் வேறு வேறு பெயர் இருந்தாலே தப்பு என்றும் நினைக்காதே. ரெடிங் கம்பெனியின் ‘நார்த்ஈஸ்டர்ன்’ வகைக் கபூஸை ஜெர்சி சென்ட்ரல், வெஸ்டர்ன் மேரிலாண்ட், ஏன் இதே லீஹை வேலியும்கூட வைத்திருந்தன. அதனால்தான் நிஜ வண்டியின் படம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன்.

உடலை மாற்றுவது கஷ்டம், பெயரை மாற்றுவது சுலபம். ஆகவே ஜன்னலை அடைத்து அதை லீஹை வேலி வண்டியாக்கப் பார்க்காதே. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, முதலில் அடிப்பக்கம் ஒரு மூலையில் தேய்த்துப் பார். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் எழுத்தை அழித்துவிட்டுப் பென்சில்வேனியா பெயருள்ள டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம், ஒட்டு.

அப்புறம் வருஷம். போருக்குப் பிறகு பல என்5சி வண்டிகளின் கூரையில், ரயில் ஊழியர்கள் பேசிக்கொள்ளும் டிரெயின்ஃபோனின் ஆண்டெனா நீளக் கம்பியாக ஓடும். 1942 என்று முடிவு செய்தால் அது கூடாது. 1950 என்றால், நீ எடுத்துக்கொண்ட நம்பருள்ள வண்டியின் படத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. 1968-ல் பென் சென்ட்ரல், 1976-ல் கான்ரெயில் என்று இந்த வண்டிகள் வேறு ரயில்ரோடு கம்பெனிகளுக்குக் கை மாறின. அந்த வருஷங்கள் பிடித்தால் அந்தப் பெயிண்டும் சரியானதே.

இனி அளவு. உன் வண்டியின் அளவான எச்ஓ ஸ்கேலில் நிஜத்தின் ஒரு அடிக்கு 3.5 மில்லிமீட்டர், அதாவது 87-ல் ஒரு பங்கு. உன் மூன்றாவது படத்தில் ஏணிக்குப் பக்கத்துக் கைப்பிடியைப் பார். உடலோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். 87-ஆல் பெருக்கினால் 43.5 மில்லிமீட்டர் வரும். அவ்வளவு தடிமனான குழாயை ஓடுகிற வண்டியில் யார் கையால் பிடிப்பது? நிஜக் கைப்பிடி 16-லிருந்து 19 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி. கணக்குப்படி 0.2 மில்லிமீட்டர் கம்பி வேண்டும், ஆனால் தொட்டாலே வளைந்துவிடும். 0.3 போடு, கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பழையதை உளி பிளேடால் படுக்க வைத்துச் சீவு. அவசரப்படாதே, சுவரில் ஒரு கீறல் விழுந்தால் பெயிண்டுக்கு மேலேயும் தெரியும். அதே இடத்தில் கை ட்ரில்லால் துளை போட்டுக் கம்பியைச் செருகி, உள்பக்கமிருந்து பசை வை.

சக்கரமும் இப்படித்தான். கோடு எண் என்பது மாடல் சக்கரத்தின் அகலம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. பழைய கோடு 110 சக்கரத்தின் அகலத்தை 87-ஆல் பெருக்கினால் 243 மில்லிமீட்டர் வருகிறது, உண்மையான சக்கரமோ சுமார் 140. கோடு 88 போட்டால் 195. கடைசி வண்டியின் பின்பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் இந்தச் செலவுக்கு நான் தயங்கவே மாட்டேன். கபூஸில் ஆட்கள் உட்கார்ந்து போனதால் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய பட்டை ஸ்பிரிங்) உள்ள போகி, அதாவது சக்கரச் சட்டம், இருக்கும். உன்னுடையதில் சரக்கு வண்டியின் சுருள் ஸ்பிரிங் இருப்பது போலத் தெரிகிறது, படத்தோடு ஒப்பிட்டுப் பார். ரயிலின் முடிவைக் காட்டும் மார்க்கர் விளக்குகள் ரயிலின் வால் பக்கத்து இரண்டு மூலைகளில் மட்டும் போதும்.

என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கத்தில் வண்டிகளை மதிப்பிடும்போது மொத்தம் 125 புள்ளி. அதில் நிஜ வண்டியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கே 25. படமோ வரைபடமோ கொடுக்காமல் அந்த 25-ஐ வாங்குவது கடினம், நீதிபதி எதை வைத்து ஒப்பிடுவார்? 87.5 எடுத்தால் மெரிட் விருது. உனக்கு விருது ஆசை இல்லையென்று தெரியும். இருந்தாலும் அந்தத் தாளை நிரப்பிப் பார், எங்கே ஊகித்தாய், எங்கே பார்த்துச் செய்தாய் என்று உனக்கே பிரிந்து தெரியும்.

கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது வண்டியைக் கையோடு எடுத்து வா. ஸ்ட்ராஸ்பர்க் ரயில் மியூசியத்துக்கு ஒரு நாள் போவோம். அதுவரை பெயிண்டைத் தொடாதே, வருஷத்தை மட்டும் முடிவு செய்து எழுது. நான் அந்த வருஷத்துப் படங்களைத் தேடி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா